தாமரைக் கார்டு

“தெரியுமுங்க சார். கொஞ்சம் கூச்சம்.”

எங்கள் டீச்சரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் இந்தக் குரல்தான் வந்து நிற்கிறது. அது எப்போதும் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வரும். வெளியாள் யாராவது ஒரு பிள்ளையை நிறுத்தி ஏதாவது கேட்டு, அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் போதும், அடுத்த நொடி டீச்சர் பேசிவிடுவார். ஊசி போட வந்த நர்ஸம்மா “உனக்கு என்ன வயசு பாப்பா?” என்று கேட்டாலும் அதுதான் பதில். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வழியில் மறித்து “ஏழும் அஞ்சும் எத்தனைடா?” என்று விளையாட்டுக்குக் கேட்டாலும் அதுதான் பதில். எங்கள் பள்ளியில் தெரியாத பிள்ளை என்று ஒருவரும் கிடையாது. கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் இருந்தோம்.

ஊரின் பெயரை எழுதவில்லை. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது போதும். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலை. வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை நிமிரும். அந்தத் தலையை நிமிர விடாத ஒன்றும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சர் சேலத்துக்காரர். கீழேயிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னொரு பஸ். மலைப்பாதை வளைவுகள் அவருக்குக் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். நேராகக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார். “என்னங்க டீச்சர்?” என்று கேட்டால், “பனி கண்ணு. மூஞ்சி இழுக்குது” என்பார். வெயில் காலத்திலும் பனிதான். அவருடைய பழுப்பு நிறக் கைப்பைக்குள் நகவெட்டி, சீப்பு, எங்களுக்கு அவ்வப்போது வறுத்த கடலை, இவற்றோடு ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். அது எதற்கென்று எங்களுக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டோம். அதை நாங்கள் அவரிடமிருந்துதான் கற்றோம்.

திங்கட்கிழமை நகம் வெட்டிவிடுவார். எண்ணெய் காணாத தலைகளைத் தன் சீப்பாலேயே வாரிப் பின்னிவிடுவார். பேன் பிடித்த தலை என்று ஒருவரையும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. அவர் கை என் காதோரம் படும் இடம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இதையும் எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

எங்கள் காலத்தில் வகுப்பு வேறு, ஏணி வேறு. வயதுக்கு ஏற்ப ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பெயர். ஆனால் நான்காவது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம். சுவரில் ஒரு பெரிய ஏணி வரைந்த தாள் தொங்கும். அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு கார்டு. ஒரு கார்டை வாசித்து முடித்தவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். எந்தப் பிள்ளையும் அதன் வேகத்தில் ஏறலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்றாவது படிக்கிற பிள்ளை மூன்றாவதின் கார்டில் நிற்கிறதா என்று பார்க்க மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வருவார். மூன்றாவது வந்தும் ஒன்றாவதின் படியிலேயே நின்றுகொண்டிருந்தவள் நான்.

இரண்டு பேர் வேலை பார்க்க வேண்டிய பள்ளியில் பெரும்பாலும் டீச்சர் ஒருவர்தான். சத்துணவு, கணக்கு, பாய், சண்டை, மூக்குச்சளி எல்லாம் அவர் தலையில். பற்றிக்கொண்ட பிள்ளைகள் மளமளவென்று ஏறிவிட்டார்கள். பற்றாத எங்களுக்கு அவர் ஒரு வழி செய்தார். ஆளுக்கு ஒரு கார்டு.

என்னுடையது தாமரைக் கார்டு. ஒரு குளம், அதில் இரண்டு தாமரை, ஒரு தவளை. கீழே நான்கு வரி. டீச்சர் என்னைத் தனியாகத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, என் விரலைப் பிடித்து எழுத்துகளுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே அந்த நான்கு வரிகளையும் சொல்லுவார். நானும் சொல்லுவேன். “விரலை வேகமா இழுக்காத சாமி. வார்த்தை முடியறப்ப விரலும் நிக்கோணும்.” சேலத்துக்காரராக இருந்தாலும் எங்களோடு பேசும்போது எங்களைப்போலவே பேசுவார். சில நாட்களில் நான்கு வரியும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. விரல் சரியான இடத்தில் நின்றது. எந்த எழுத்து எது என்று மட்டும் தெரியாது.

மேற்பார்வையாளர் வரும் நாளில் டீச்சர் எங்களுக்கு முன்னால் அவரவர் கார்டை வைத்துவிடுவார். என் கார்டின் ஒரு மூலை கிழிந்திருக்கும், அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். அவர் வந்து குனிந்து, “எங்க, படி பார்க்கலாம்” என்பார். நான் குளத்தில் தாமரை பூத்ததையும் தவளை குதித்ததையும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். “அட, எஸ்டேட் புள்ளையா இது?” என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் போனதும் டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளித் தன் விரல்களை உதட்டில் வைத்துக்கொள்வார். அவர் கண் கலங்கியிருக்கும். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. நான் வாசித்துவிட்டேன் என்று அவர் அந்த நேரத்துக்கு நம்பினார். நானும் நம்பினேன்.

கூச்சம் என்ற அந்தப் போர்வையைப் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் வைத்திருக்கவில்லை. ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போடச் சொல்லி அப்பாவிடம் பேனாவை நீட்டினார். அப்பா பேனாவை வாங்காமல் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா, பேரு எழுதத் தெரியாதா?”

“தெரியுமுங்க சார்” என்றார் டீச்சர். “கொஞ்சம் கூச்சம்.” பேச்சோடு பேச்சாக மைப்பெட்டியை அப்பா பக்கம் நகர்த்தினார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “இத்தன நாளு எனக்கு எழுதத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன் புள்ள. கூச்சந்தானாமா.”

“உனக்கா கூச்சம்? கூலி நாளன்னைக்கு ரைட்டர்கிட்ட கத்தறயே, அப்ப எங்க போச்சு?” என்றாள் அம்மா. அவளும் சிரித்தாள். ஆனால் டீச்சரைப் பற்றி எங்கள் லைனில் யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அதன்பிறகு அப்பா விட்டதில்லை.

அப்பா என்னை நம்பினார். ஏற்காடு பஸ் நிலையத்தில் ஒரு மழை நாள். நாங்கள் இருவரும் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். முன்பெல்லாம் அப்பா யாரையாவது நிறுத்தி, “ஏனுங்க, இது எங்க போறதுங்க?” என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. “பலகையப் படி கண்ணு” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். நான் பலகையைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் எழுத்துகள் இருந்தன. எங்கள் ஊர்ப் பஸ்ஸின் பலகையும் பச்சைதான்.

“நம்ம பஸ்ஸுதானுங்கப்பா.”

அது செம்மநத்தம் பஸ். பாதி வழியில்தான் தெரிந்தது. இறங்கி, நனைந்த தோட்டங்களுக்குள் குறுக்கே வீட்டுக்கு நடந்தோம். அப்பா மருந்துப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வெகுநேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, “பலகைய மாத்தி மாட்டிப்போட்டானாட்ட இருக்குது” என்றார். நான் “ஆமாங்கப்பா” என்றேன். அவர் அதை நம்பிச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்க முடியாது. கேட்டால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது முடிந்து ஏற்காட்டில் ஆறாவது சேர்ந்தேன், விடுதியில் தங்கி. முதல் வாரமே தமிழ் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். புத்தகம் புதிது. அதில் தாமரையும் இல்லை, தவளையும் இல்லை. நின்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்த வருடம் விடுதியில் நான் பட்டதை விவரிக்கப்போவதில்லை. சோப்பு உறை, பிஸ்கட் காகிதம், தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த பெயர், கையில் கிடைத்தது எதையும் விடாமல் எழுத்துக் கூட்டினேன். ஒன்றாவதின் புத்தகத்தைப் பாவாடைக்குள் மறைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். அந்த வருட முடிவில் வாசித்தேன். அதை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாக இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு கல்லூரி. பிறகு பி.எட். அப்போதுதான் எங்களைப் பள்ளிகளுக்கு மதிப்பீடு செய்ய அனுப்பினார்கள். ஏணி போய்விட்டிருந்தது. இப்போது அரும்பு, மொட்டு, மலர். ஒன்றாவதின் அளவில் நிற்கிற பிள்ளை அரும்பு. இரண்டாவதின் அளவென்றால் மொட்டு. மூன்றாவது படிக்கிற பிள்ளை மலரில் இருக்க வேண்டும். செல்போனில் ஒரு ஆப். அதில் வருகிற பத்தியைப் பிள்ளையிடம் காட்டி வாசிக்கச் சொல்லி, நாம் நிலையைக் குறிக்க வேண்டும். அரும்புகள் அதிகமாக இருக்கிற பள்ளியின் ஆசிரியரைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேட்பார்கள் என்று சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர்ப் பள்ளி. யாரிடமாவது மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றவில்லை. புதுச் சுடிதார் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

டீச்சர் இன்னும் அங்கேயே இருந்தார். தலை நரைத்து, சற்றுக் குள்ளமாகியிருந்தார். “வாங்க மேடம்” என்று எழுந்து நின்றார். என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேலை செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் மேடமாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட்டதும் உண்மைதான்.

மூன்றாவதில் ஒரு சிறுமி. இரட்டைச் சடை, அழுத்தி வாரிப் பின்னியது. யார் கை என்று எனக்குத் தெரியும். போனை அவள் முன் வைத்தேன். மழையைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. அவள் திரையில் விரலை வைத்தாள். வார்த்தைக்கு அடியில் விரல் நகர்ந்தது, வார்த்தை முடிந்த இடத்தில் நின்றது. குரல் கணீரென்று வந்தது.

“அணில் மரத்தில் ஏறியது. அணில் கொய்யாப் பழம் தின்றது.”

திரையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் விரலுக்கு அடியில் அணில் பழத்தின் விதையைத் துப்பிக்கொண்டிருந்தது. கடைசி வரி வரைக்கும் தடங்கலே இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, கன்னம் கிள்ளப்படுவதற்குத் தயாராக நின்றாள்.

எனக்குக் காது சுட்டது. வேறொரு பத்தியை எடுத்துக் காட்டி, “இதைப் படி கண்ணு” என்றேன். அவள் விரல் திரைக்கு மேலேயே நின்றது. கண் என்னைத் தாண்டிப் பின்னால் போனது.

“தெரியுமுங்க மேடம்” என்றது குரல். “கொஞ்சம் கூச்சம்.”

நான் அரும்பு என்று குறித்தேன். மற்ற பிள்ளைகளையும் பார்த்து முடித்தபிறகு டீச்சரின் மேசைக்குப் போனேன். மறைவாகச் செய்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

“அந்தப் புள்ளைக்கு அரும்புன்னு போட்டிருக்கேனுங்க டீச்சர்.”

டீச்சர் என்ற சொல்லில் அவர் நிமிர்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். கடைசி லைன் வீடு என்றேன்.

“தாமரை!” என்றார். என் பெயர் அதுவல்ல. முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “தாமரைக் கார்டுதான நீ? என்னமா வாசிப்ப சாமி. குளம், தவள... ஒரு எழுத்து பிசகாது. அன்னைக்கே நெனச்சேன், இந்தப் புள்ள எங்கயோ போகும்னு.”

அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்களை மற்றவர்களிடமிருந்து மறைத்து மறைத்து, மறைத்ததை அவரே மறந்துவிட்டிருந்தார். பிள்ளைகளைப் பெயரால் அல்ல, கார்டால் நினைவு வைத்திருந்தார். அவர் நினைவில் நாங்கள் எல்லாரும் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

சாயங்காலம் ஏற்காட்டுக்கு ஒரே பஸ். இருவரும் அதில்தான் போக வேண்டும். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டார். கைப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. நான் குறித்ததெல்லாம் போனுக்குள்ளேயே இருந்தது. மேட்டு வளைவுக்கு வந்தால்தான் போகும். அது டீச்சருக்கும் தெரியும்.

“இன்னும் போகலயில்ல கண்ணு?”

“இல்லைங்க டீச்சர்.”

“மொட்டுன்னாவது போடலாமில்ல. கொஞ்சம் சொல்லிக் குடுத்தா வந்துரும். நான் ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்குது. அந்தக் கூட்டத்துல போயி நிக்கோணும்...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் தனக்காக எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கட்டைவிரல் திரைமேல் இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். எஸ்டேட் வேலை முடிந்து, ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போகிறவள். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். அணில் சிறுமியின் அம்மா. கழுத்து அட்டையைப் பார்த்து, பிள்ளைகளைச் சோதிக்க வந்தவள் நான்தான் என்று புரிந்துகொண்டாள்.

“ஏனுங்க, எம்புள்ள நல்லாப் படிச்சுதுங்களா?”

என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் டீச்சர் சொல்லிவிட்டார். “அவளுக்குத் தெரியும்மா. புது ஆளப் பாத்து கொஞ்சம் கூச்சம்.”

“கூச்சமுங்களா அதுக்கு? ஊட்டுல அந்த அணில் பாடத்த நொம்ப நல்லாப் படிக்குமுங்க. அவங்கப்பன் தெனமும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சோறு திங்கறாரு.”

அந்தச் செம்மநத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் நடந்த அப்பாவின் நனைந்த முதுகு கண்முன் வந்தது.

“அது ஒண்ணு மட்டுந்தான் வருதுங்க” என்றேன். “மனப்பாடமாச் சொல்லுது. வேற எதுவும் வாசிக்கத் தெரியலைங்க.”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. திரும்பி முன்பக்கம் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

“மெதுவாச் சொல்லு கண்ணு. கண்டக்டர் எங்க சொந்தக்காரரு.”

என்னைக் கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் டீச்சர் ஒரு நொடிகூடப் பார்க்கப் பொறுக்காமல் குறுக்கே பேசியது இந்த முகத்துக்காகத்தான் என்று அப்போது தெரிந்தது. தெரிந்தபிறகும் நான் சொன்னது தப்பென்று தோன்றவில்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. யார் சார்பில் என்று பிரித்துச் சொல்ல முடியாத வெட்கம்.

பஸ் மேட்டு வளைவில் திரும்பியது. கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. குறித்தது குறித்தபடியே போய்விட்டது. டீச்சர் அதைக் கவனித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் இன்னும் குனிந்தே நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையில் காப்பிக் கறை.

“நீ கடைசி லைன் ஊட்டுப் புள்ளதான? நம்ம இஸ்கோலுதான சாமி? உனக்கு அந்த வயசுல வாசிக்க வந்துச்சா?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கன்னத்தில் டீச்சர் கைகளின் சூடு இன்னும் இருப்பதுபோலத்தான் இருந்தது.

“இல்லைங்கக்கா” என்றேன். “ஆறாவது போயித்தான் எழுத்தே தெரிஞ்சுது.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் டீச்சருக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கைப்பை மட்டும்தான் இருந்தது.